மலையின் நியமமும் நாட்டின் சட்டமும்: நியமகிரி வழக்கின் வரலாறு

ஒடிசா மாநிலத்தின் தென்மேற்கில், ராயகடா மாவட்டத்துக்கும் கலஹாண்டி மாவட்டத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் நியமகிரி மலைத்தொடர், இந்திய நீதிமன்ற ஆவணங்களில் முதலில் ஒரு கனிமப் படிவமாகவே இடம்பெற்றது. சுமார் 7.2 கோடி டன் பாக்சைட், 660 எக்டேருக்குச் சற்று மிகுந்த வனநிலம், ஆண்டுக்கு 10 லட்சம் டன் அலுமினா என்னும் எண்களே அதன் அடையாளமாக இருந்தன. 2004இல் தொடங்கி 2013 வரை நீண்ட வழக்கின் முடிவில், அதே மலை டோங்ரியா கோந்த் மக்களின் தெய்வமான நியமராஜாவின் இருப்பிடம் என்றும், அங்கே சுரங்கம் தோண்டலாமா என்பதில் அம்மக்களின் கிராமசபைகளைக் கேட்டாக வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாயிற்று. சுற்றுச்சூழல் சட்டங்கள் என்று பொதுவாக அழைக்கப்படுபவை மட்டும் இம்மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. சேதம் எவ்வளவு, அதற்கு ஈடு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்த நீதிமன்றம், இதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார் என்று கேட்கத் தொடங்கிய இடத்திலேயே வழக்கு திரும்பியது. அக்கேள்வியைக் கேட்பதற்கான சட்டச் சொற்களோ ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே சிறிது சிறிதாகச் சேர்ந்து வந்தவை.

மலையின் பெயரிலேயே சட்டம் இருக்கிறது. நியமம் என்ற சொல் தமிழிலும் ஒழுங்கு, விதி என்ற பொருளில் வழங்குவதுதான். நியமராஜா என்பவர் விதியை வகுத்துக் கொடுத்த அரசர். மலையுச்சியில் மரம் வெட்டலாகாது என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்றாக டோங்ரியா மக்களால் காக்கப்படுவதால், மலைச்சரிவுகளில் காடு திருத்திச் செய்யும் 'போடு' என்னும் இடம்பெயர் சாகுபடி நடந்தாலும் உச்சிக்காடு தொடப்படாமல் நின்றது. 'டோங்கர்' என்பது மலையைக் குறிக்கும் சொல். டோங்ரியா என்றால் மலைவாழ்வோர். ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட இம்மக்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் வாழ்கின்றனர். அன்னாசி, பலா, வாழை, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை விளைவித்து முனிகுடா, பிஸ்ஸம்கட்டக் சந்தைகளுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுவருகின்றனர். அவர்கள் பேசும் குவி மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்து வழக்கின்றி வாய்மொழியாகவே வாழ்ந்துவந்த அம்மொழியில் ஊர்க்கூட்டங்களில் பேசப்பட்ட சொற்கள், பின்னர் ஒடியாவில் எழுதப்பட்டு அரசின் கோப்புகளைச் சென்றடைந்தன என்பது இவ்வரலாற்றின் பிற்பகுதியில் முக்கியமாகிறது.

மலையின் நிலவியலை அறியாமல் வழக்கின் உட்பொருளை அறிய இயலாது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதியிலுள்ள அடிப்படைப் பாறைக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவியலாளர்கள் இம்மக்களின் பெயரையொட்டியே 'கோந்தலைட்' என்று பெயரிட்டனர். ஒரு மக்களின் பெயரைப் பாறைக்குச் சூட்டிய அறிவியல், அப்பாறையின் மீது அவர்களுக்குள்ள உறவை ஒப்புக்கொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. பல லட்சம் ஆண்டுகள் மழையில் கரைந்து சிதைந்த கோந்தலைட்டின் மேல் அலுமினியச் சத்து மிகுந்து எஞ்சி நிற்கும் தொப்பி போன்ற படிவமே பாக்சைட். அது நுண்துளைகள் நிறைந்தது. பருவமழையை உள்வாங்கித் தேக்கி, அடியிலுள்ள களிமண் படுகையைத் தொடும் இடங்களில் ஊற்றுகளாகக் கசியவிடுகிறது. வம்சதாரா ஆறு இம்மலையில் பிறந்து ஆந்திரத்தின் வழியாக வங்கக் கடலை அடைகிறது. நாகாவளிக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. கோடையிலும் வற்றாத ஓடைகள் மலையின் தலையிலுள்ள பாக்சைட்டால்தான் ஓடுகின்றன என்பது டோங்ரியா மக்களின் அனுபவ அறிவு. வழக்கின்போது பொதுத்துறைச் சுரங்கத் திட்ட நிறுவனம் ஒன்று, வெடிவைப்பதால் பாறையில் உண்டாகும் நுண்வெடிப்புகள் நீர் இறங்குவதற்கு உதவும் என்று அறிக்கை அளித்தது. நீரைத் தேக்கும் அடுக்கையே அகற்றிவிட்ட பின் நீர் எதில் தங்கும் என்பதற்கு நேரான விடையை அந்த வாதத்தில் காண இயலவில்லை.

இம்மலைப் பகுதியின் சட்ட வரலாறு சென்னையோடு பிணைந்தது. இன்றைய ராயகடா, ஜெய்ப்பூர் ஜமீனின் பகுதியாகச் சென்னை மாகாணத்தின் விசாகப்பட்டினம் மாவட்டத்தில் 1936 வரை இருந்தது. கலஹாண்டி சுதேச சமஸ்தானமாக இருந்தது. 1830களில் கும்சூர் பகுதியில் கோந்த் மக்கள் கிளர்ந்தெழுந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளால் கடுமையாக ஒடுக்கப்பட்ட பின்னர், 1839ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கஞ்சம், விசாகப்பட்டினம் மாவட்டங்களின் மலைப் பகுதிகளைப் பொதுவான நீதிமன்றங்களின் ஆளுகையிலிருந்து விலக்கி, மாவட்ட ஆட்சியரையே ஆளுநரின் 'ஏஜெண்டாக' நியமித்து அவர் கையில் ஒப்படைத்தது. 'ஏஜென்சி' என்று அப்பகுதிகள் இன்றும் ஆந்திரத்தில் அழைக்கப்படுவதன் தோற்றம் இதுதான். இந்த ஏற்பாட்டின் முதல் நோக்கம் மக்களைக் காப்பதன்று, அடக்கி ஆள்வதே. ஆயினும் சமவெளியிலிருந்து வந்த வட்டிக்கடைக்காரர்களும் வணிகர்களும் கடனுக்கு ஈடாக நிலங்களைப் பறித்துக்கொண்டதும், அதனால் கலகங்கள் மூண்டதும் அரசைக் கவலையுறச் செய்ததால், 1917இல் சென்னை மாகாணம் 'ஏஜென்சிப் பகுதிகள் வட்டி மற்றும் நிலமாற்றச் சட்டம்' என்ற ஒன்றை நிறைவேற்றியது. மலைவாழ் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் தம் நிலத்தை அக்குடியைச் சாராத ஒருவருக்கு உரிய அதிகாரியின் அனுமதியின்றி மாற்றிக் கொடுத்தால் அது செல்லாது என்பதே அதன் சாரம்.

அடக்குமுறையின் வழித்தோன்றலான அச்சட்டம், எண்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பயனைத் தந்தது. விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை, பழங்குடியினர் மிகுந்து வாழும் நிலப்பரப்புகளை 'அட்டவணைப் பகுதிகள்' என்று அறிவித்து, அங்கே நிலமாற்றத்தைத் தடைசெய்யும் ஒழுங்குமுறைகளை இயற்ற ஆளுநருக்கு அதிகாரம் அளித்தது. ஆந்திரத்தில் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1959ஆம் ஆண்டின் நிலமாற்ற ஒழுங்குமுறை வந்தது. 1970இல் திருத்தப்பட்டபோது, அட்டவணைப் பகுதியில் பழங்குடியல்லாத எவருக்கும் நிலம் மாறுவதை அது முற்றிலும் தடுத்தது. விசாகப்பட்டினம் மாவட்டம் அனந்தகிரி வட்டாரத்தில் நிம்மலபாடு முதலிய சிற்றூர்களின் நிலங்கள் கால்சைட் முதலிய கனிமங்களுக்காகத் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டபோது, 'சமதா' என்ற தொண்டு அமைப்பு இந்த ஒழுங்குமுறையைக் கையிலெடுத்தது. உயர் நீதிமன்றத்தில் தோற்ற அவ்வமைப்புக்கு, 1997 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வில் பெரும்பான்மைத் தீர்ப்பு வெற்றி தந்தது. ஒழுங்குமுறையில் வரும் 'நபர்' என்ற சொல் அரசையும் குறிக்கும், ஆகவே அரசுக்குச் சொந்தமான நிலத்தைக்கூட அட்டவணைப் பகுதியில் தனியார் நிறுவனத்துக்குச் சுரங்கக் குத்தகையாகத் தர இயலாது என்று அத்தீர்ப்பு கூறியது. வட்டிக்கடைக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஒரு தடை, அரசையும் பெருநிறுவனத்தையும் கட்டுப்படுத்தும் தடையாக விரிந்தது. ஆனால் ஒடிசா அரசு, சமதா தீர்ப்பு ஆந்திரத்தின் தனிச் சட்டத்தைப் பொறுத்தது என்றும், தன் மாநிலத்தின் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வேறு வகையானது என்றும் நிலைப்பாடு எடுத்தது. மலை ஒன்றாகவே தொடர்ந்தாலும் மாநில எல்லையில் பாதுகாப்பு அறுந்துபோயிற்று.

இதற்கு இணையாக, சுற்றுச்சூழல் சட்டங்கள் என்னும் மற்றொரு நீரோட்டம் வளர்ந்துவந்தது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம், வனநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் முன்னனுமதி வேண்டும் என்றது. டேராடூன் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பற்றி 1983இல் ஒரு தொண்டு அமைப்பு எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், 1985இல் அவற்றுட் பலவற்றை மூடச் செய்தது. போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் வந்தன. ஒரு திட்டம் நீர், காற்று, காடு, குடியிருப்பு ஆகியவற்றை எவ்வாறு பாதிக்கும் என்பதை முன்கூட்டியே ஆய்ந்து அறிக்கை அளிக்க வேண்டும் என்ற அந்த அறிவிக்கையில், 1997இல் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கட்டாயமாக்கப்பட்டது. நியமகிரி வழக்கு எந்த வழக்கின் கிளையாக உச்ச நீதிமன்றத்தை அடைந்ததோ அந்த வழக்கோ நீலகிரியில் தோன்றியது. கூடலூர் பகுதியின் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கில், அகராதிப் பொருளில் காடு எனப்படுவது எதுவாயினும் அது யாருக்குச் சொந்தமாயினும் வனச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. முடிவுக்கு வராமல் தொடர்ந்துகொண்டே சென்ற அவ்வழக்கில், நாடு முழுவதிலிருந்தும் வந்து குவிந்த வனப் பிரச்சினைகளை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவதற்காக 2002இல் மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழு அமைக்கப்பட்டது.

நியமகிரியின் அடிவாரத்தில் லாஞ்சிகரில் வேதாந்தா குழுமம் அமைக்கவிருந்த அலுமினா சுத்திகரிப்பு ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்கள் 2003இல் நடந்தன. அவ்வாண்டிலேயே மாநில அரசோடு ஒப்பந்தமும் ஆயிற்று. பாக்சைட்டைத் தோண்டும் உரிமை மாநில அரசின் ஒடிசா சுரங்கக் கழகத்தின் பெயரில் இருக்கும், கனிமம் ஆலைக்குச் செல்லும் என்பது ஏற்பாடு. ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கோரியபோது வனநிலம் எதுவும் தேவைப்படவில்லை என்று தெரிவிக்கப்பட்டதால், வன அனுமதி தேவைப்படும் சுரங்கத்தினின்றும் ஆலை தனியாகப் பிரிக்கப்பட்டு, 2004 செப்டம்பரில் அனுமதி பெற்றது. கினாரி என்னும் ஊர் முழுவதுமாக அகற்றப்பட்டு, அங்கிருந்த குடும்பங்கள் நிறுவனம் கட்டிய குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. மலையின் பாக்சைட் இல்லாமல் மலையடிவாரத்தில் அந்த ஆலைக்கு வேறு காரணமே இல்லை என்பதையும், ஆலை வளாகத்திலும் ஏறத்தாழ 59 எக்டேர் வனநிலம் அடங்கியிருந்ததையும், பிரபுல்ல சமந்தரா உள்ளிட்ட மூன்று மனுதாரர்கள் 2004 இறுதியில் மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழுவின் முன் வைத்தனர். 2005 செப்டம்பரில் அக்குழு அளித்த அறிக்கை அவ்வாதங்களைப் பெரும்பாலும் ஏற்று, நியமகிரி போன்ற ஓரிடத்தில் சுரங்கத்துக்கு வனநிலத்தை அனுமதிக்கலாகாது என்று பரிந்துரைத்தது. ஒரு திட்டத்தை இரண்டாகப் பிரித்து, எளிதான பாதிக்கு முதலில் அனுமதி பெற்று, கோடிக்கணக்கில் பணத்தை முடக்கிய பின் அந்த முதலீட்டையே மறுபாதிக்கான வாதமாகக் கொண்டுவரும் முறை இந்தியச் சுரங்க வரலாற்றில் நியமகிரியோடு தொடங்கியதன்று. ஆனால் இத்தனை தெளிவாக ஒரு நீதிமன்றக் குழுவின் ஏட்டில் அது வேறெங்கும் பதிவானது அரிது.

பரிந்துரை சாதகமாக இருந்தும் தீர்ப்பு வேறு திசையில் சென்றது. 2007 நவம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம் அறநெறிக் காரணங்களுக்காக வேதாந்தா நிறுவனத்தின் பங்குகளை விலக்கியிருந்ததைக் குறிப்பிட்டு, அந்நிறுவனத்தின் மனுவை ஏற்க மறுத்தது. எனினும், அதே குழுமத்தைச் சேர்ந்த ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் சில நிபந்தனைகளை ஏற்று வந்தால் அனுமதியைப் பரிசீலிக்கலாம் என்று அதே ஆணை வழிகாட்டியது. 2008 ஆகஸ்ட் 8 அன்று அவ்வாறே அனுமதி தரப்பட்டது. அழியும் காட்டின் 'நிகர தற்போதைய மதிப்பு', அதாவது காடு எதிர்காலத்தில் தரக்கூடிய பயன்களையெல்லாம் இன்றைய பணமாகக் கணக்கிட்டுச் செலுத்தும் தொகை, 55 கோடி ரூபாய். வனவிலங்கு மேலாண்மைக்கு 50.53 கோடி, பழங்குடியினர் மேம்பாட்டுக்கு 12.20 கோடி, இவற்றோடு ஆண்டுதோறும் இலாபத்தில் 5 விழுக்காடு அல்லது 10 கோடி, இரண்டில் எது மிகுதியோ அது. தொழில் வளர்ச்சியையும் சுற்றுச்சூழலையும் சமன்செய்யும் 'நிலைத்த வளர்ச்சி' என்னும் கோட்பாட்டின் பெயரால் இவ்வேற்பாடு செய்யப்பட்டது. அந்த ஆணைகளில் தீய நோக்கத்தைத் தேட வேண்டியதில்லை. வறுமை மிகுந்த கலஹாண்டியில் தொழில் வேண்டும் என்ற கவலை அவற்றில் உண்மையாகவே வெளிப்படுகிறது. குறை அவை கையாண்ட அளவுகோலில் இருந்தது. தெய்வம் வாழும் மலைக்கு நிகர தற்போதைய மதிப்பு என்ன என்று எவரும் கணக்கிடவில்லை. கணக்கிட இயலாத ஒன்று, கணக்கை மட்டுமே அறிந்த அளவுகோலுக்குள் வருவதில்லை. மரத்துக்கு மாற்றாக மரம் நடலாம், யானைக்கு வழித்தடம் அமைக்கலாம். மக்களின் ஒப்புதலுக்கு மாற்றாக எதையும் வைக்க இயலாது.

அந்த அளவுகோலை மாற்றிய சட்டம், 2007 நவம்பர் ஆணைக்கு ஐந்தே வாரங்கள் கழித்து, டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. 2006ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோரின் உரிமைகள் காலனிய ஆட்சியிலும் அதன் பின்னரும் பதிவாகாமல் போனதை 'வரலாற்று அநீதி' என்று தன் முகப்புரையிலேயே ஒப்புக்கொள்ளும் சட்டமாகும். தனிமனிதர் உழுத நிலத்துக்குப் பட்டா வழங்குவதோடு அது நின்றுவிடவில்லை. சமூகம் முழுவதற்கும் உரிய காட்டுரிமையையும், டோங்ரியா மக்களைப் போன்ற எளிதில் நலிவுறத்தக்க பழங்குடிகளின் 'வாழிட உரிமையையும்' அது ஏற்றது. தம் பண்பாட்டு, இயற்கை மரபைக் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்கு அளித்தது. உரிமைகளை வரையறுக்கும் பணியைத் தொடங்க வேண்டியதே கிராமசபைதான் என்றது. கிராமசபை என்பது ஊரிலுள்ள வயதுவந்தோர் அனைவரும் அடங்கிய அவை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றத்தினின்றும் வேறானது. 1996ஆம் ஆண்டின் அட்டவணைப் பகுதி ஊராட்சிச் சட்டம் அதற்கு ஏற்கெனவே ஓரளவு தகுதியை அளித்திருந்தது. 2009 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கை, வனநிலத்தை மாற்றும் எந்தத் திட்டத்துக்கும் அந்நிலத்தைச் சார்ந்த கிராமசபைகளின் ஒப்புதல் இணைக்கப்பட வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. இதற்குள் நியமகிரிச் சுரங்கத்துக்கு வன அனுமதியின் முதற்கட்டம் 2008 டிசம்பரில் கிடைத்துவிட்டது. ஆனால் இறுதிக்கட்ட அனுமதி எஞ்சியிருந்தது. மக்களுக்கு வாய்த்த இடைவெளி அதுதான்.

மலையில் நியமகிரி சுரக்ஷா சமிதி என்னும் அமைப்பின் கீழ் மக்கள் சாலைகளை மறித்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய எதிர்ப்புக்கு அண்மைக் கடந்தகாலத்தில் முன்னோடிகள் இருந்தன: மேற்கு ஒடிசாவின் கந்தமர்தன் மலையில் 1980களில் நடந்த போராட்டம் பொதுத்துறை அலுமினிய நிறுவனத்தைத் திரும்பச் செய்தது, ராயகடா மாவட்டத்திலேயே காசிப்பூர் வட்டாரத்தின் மைகாஞ்ச் ஊரில் 2000 டிசம்பர் 16 அன்று காவல்துறை சுட்டதில் பழங்குடியினர் மூவர் இறந்தனர், அங்கே சுரங்கம் வந்தும்விட்டது. அயல்நாடுகளில் சர்வைவல் இண்டர்நேஷனல், ஆம்னெஸ்டி இண்டர்நேஷனல் ஆகிய அமைப்புகள் செய்த பணியால், 2009இல் பிரிட்டிஷ் அரசின் குறைதீர் அமைப்பு வேதாந்தாவைக் கண்டித்தது; 2010 தொடக்கத்தில் இங்கிலாந்துத் திருச்சபை தன் பங்குகளை விற்றது. இவையெல்லாம் அழுத்தத்தைக் கூட்டின என்றாலும், சட்டத்தின் தராசில் எடை சேர்த்தது 2010 ஆகஸ்ட் 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த, என்.சி. சக்சேனா தலைமையிலான நால்வர் குழு அளித்த அறிக்கையே. வன உரிமைச் சட்டம் அங்கே மீறப்பட்டதையும், ஆலை வளாகத்துக்குள் 26 எக்டேர் ஊர்க்காடு வேலியிடப்பட்டிருந்ததையும் அது எடுத்துக்காட்டியது. ஆலையின் திறனை ஆண்டுக்கு 60 லட்சம் டன்னாக உயர்த்தத் திட்டமிடப்பட்டிருந்தது. ஒரு டன் அலுமினாவுக்கு ஏறத்தாழ மூன்று டன் பாக்சைட் வேண்டும் என்பதால், நியமகிரியின் முழுப் படிவமும் அந்த ஆலைக்கு நான்கே ஆண்டுகள்தான் போதுமானதாக இருந்திருக்கும். எட்டு நாள்களுக்குப் பின், ஆகஸ்ட் 24 அன்று, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இறுதிக்கட்ட அனுமதியை மறுத்தார்.

மறுப்பை எதிர்த்து ஒடிசா சுரங்கக் கழகம் 2011இல் தொடுத்த வழக்கில்தான், அஃப்தாப் ஆலம், கே.எஸ். ராதாகிருஷ்ணன், ரஞ்சன் கோகோய் ஆகியோர் அடங்கிய அமர்வு 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. சுரங்கத்தைத் தடைசெய்வதாகவும் அனுமதிப்பதாகவும் நீதிமன்றம் தானே கூறவில்லை. மத நம்பிக்கையைக் காக்கும் அரசியலமைப்பின் 25, 26ஆம் பிரிவுகளையும் வன உரிமைச் சட்டத்தையும் இணைத்துப் படித்து, நியமராஜாவை வழிபடும் உரிமை இச்சுரங்கத்தால் பாதிக்கப்படுமா என்ற வினாவைக் கிராமசபைகளே மூன்று மாதங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்றும், மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளராக அமர வேண்டும் என்றும் ஆணையிட்டது. தமிழ் வாசகர்களுக்கு இங்கே மற்றொரு தீர்ப்பு நினைவுக்கு வரும். அதே மாதம் 2ஆம் நாள், அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, அதே குழுமத்தின் தூத்துக்குடி ஸ்டெர்லைட் செம்பு ஆலையை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டு ஆணையை நீக்கி, மாசுக்கு ஈடாக 100 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. பதினாறு நாள் இடைவெளியில் வந்த இரண்டு தீர்ப்புகளில், ஒன்று சேதத்தை அளந்து விலையிட்டது. மற்றொன்று ஊரைக் கேட்கச் சொன்னது. தூத்துக்குடி மக்கள் அட்டவணைப் பகுதியில் வாழ்பவர்கள் அல்லர். வன உரிமைச் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தாது. தங்களைக் கேட்டாக வேண்டும் என்று சொல்லத்தக்க சட்டப் பிடி அவர்களிடம் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 2018 மே மாதத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் பதின்மூன்று உயிர்கள் போன பிறகே அந்த ஆலை மூடப்பட்டது என்பதை நினைக்கும்போது, அந்த வேறுபாட்டின் கனம் விளங்கும்.

கிராமசபைகள் கூடிய வரலாறு தனியே எழுதப்பட வேண்டிய அளவுக்கு வளமுடையது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு ராயகடாவில் ஏழு, கலஹாண்டியில் ஐந்து என்று பன்னிரண்டு ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. இது தீர்ப்பின் நோக்கத்துக்கு மாறானது என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் ஆட்சேபித்தும் அந்த எண்ணிக்கை மாறவில்லை. 2013 ஜூலை 18 அன்று செர்கபாடியில் முதல் அவை கூடியது. ஆகஸ்ட் 19 அன்று ஜராபாவில் கடைசி அவை. பருவமழைக் காலமாதலால் அதிகாரிகளும் நீதிபதியும் செய்தியாளர்களும் சேற்றுப் பாதைகளில் மலையேறி வர வேண்டியிருந்தது. ஆயுதக் காவல்படையினர் சூழ நிற்க, சாமை, கேழ்வரகு விளையும் ஊர்களின் நடுவே கூரைப் பந்தலுக்கடியில் நாற்காலிகள் இடப்பட்டன. அதிகாரிகளின் அணுகுமுறை, உரிமைகளைத் துண்டு துண்டாக வரையறுப்பதாக இருந்தது: இன்ன ஊருக்கு இத்தனை ஏக்கர், கோயிலுக்கு இன்ன இடம், இடுகாட்டுக்கு இவ்வளவு என்று. ஊரார் அதை ஏற்கவில்லை. நியமராஜா ஒரு மரத்தடியில் மட்டும் குடியிருப்பவர் அல்லர், மலை முழுவதும் அவருடையது என்பதையே ஒவ்வொரு அவையிலும் பெண்களும் ஆண்களும் விரித்துரைத்தனர். பட்டாவால் அளக்கத்தக்க துண்டுகளாக மலையை ஒப்புக்கொண்டிருந்தால், அத்துண்டுகளை விட்டுவிட்டு எஞ்சியதைத் தோண்டலாம் என்ற வாதத்துக்கு இடம் கிடைத்திருக்கும். எழுத்தறியாதவர்கள் என்று ஏட்டில் குறிக்கப்பட்ட மக்கள் அந்தச் சட்ட நுட்பத்தைத் தவறாமல் உணர்ந்திருந்தனர். டோங்ரியா அல்லாத ஒரே குடும்பம் மட்டும் வாழ்ந்த இஜிருபா என்ற ஊரின் அவையும் சுரங்கத்தை மறுத்தது. பன்னிரண்டும் மறுத்தன.

2014 ஜனவரியில் மத்திய அரசு சுரங்கத்துக்கான அனுமதியை இறுதியாக மறுத்தது. கிராமசபைகளை மீண்டும் கூட்ட வேண்டும் என்று கோரி மாநிலத் தரப்பு 2016இல் மறுபடியும் உச்ச நீதிமன்றத்தை நாடியபோது, மே 6 அன்று அம்மனு ஏற்கப்படவில்லை. லாஞ்சிகர் ஆலை மூடப்படவுமில்லை. வேறிடங்களிலிருந்து பாக்சைட் வருவித்து அது இயங்கிவருகிறது, திறனும் விரிவாக்கப்பட்டுள்ளது. கினாரி ஊர் திரும்பி வரவில்லை. வழக்கில் வென்ற மலையில் துணை இராணுவத்தினரின் தேடுதல்களும், மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்ற பெயரில் இளைஞர்களின் கைதுகளும் தொடர்ந்தன. தீர்ப்பு தந்த பாதுகாப்பு சுரங்கத்துக்கு எதிரானதாக மட்டும் இருந்தது.

தீர்ப்பின் பின்னணியில் இருந்த சட்டமும் அதே வடிவில் நீடிக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமைகள் தீர்க்கப்படுவதற்கு முன்னரே மத்திய அரசு தன் ஒப்புதலைத் தந்துவிடலாம், உரிமைச் சட்டத்தின் கடமைகளை மாநில அரசு பின்னர் நிறைவேற்றிக்கொள்ளட்டும் என்று வரிசையை மாற்றின. 2013இல் கிராமசபையின் சொல் மத்திய அனுமதிக்கு முன்னால் நின்றது. 2022ஆம் ஆண்டின் விதிகளில் அது பின்னால் தள்ளப்பட்டது. முன்னே நிற்கும்போது அது மறுக்கும் அதிகாரம். பின்னே நிற்கும்போது, முடிந்துபோன முடிவின் கீழ் இடப்படும் கையொப்பம். 2023இல் ஏலத்தில் அதே குழுமத்துக்குக் கிடைத்த சிஜிமாலி பாக்சைட் மலை, நியமகிரியைப் போலவே ராயகடாவையும் கலஹாண்டியையும் தொட்டு நிற்பது. அவ்வாண்டு அக்டோபரில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பரில் கிராமசபைகள் கூடி ஒப்புதல் அளித்ததாக ஏடுகள் காட்டுகின்றன. அத்தகைய அவைகள் கூடவே இல்லை, தீர்மானங்கள் போலியானவை என்று அவ்வூர்களின் மக்கள் முறையிட்டனர். 2013இல் மழையில் மலையேறி வந்து, ஊரார் பேசியதைக் காதால் கேட்டுப் பதிவுக்குச் சான்றளித்த மாவட்ட நீதிபதி, ஒரு தீர்ப்பின் தனி ஆணையால் வந்தவர். வன உரிமைச் சட்டத்தின் வழக்கமான நடைமுறையில் அப்படி ஒரு பார்வையாளருக்கு இடமில்லை.